அக்ராவில் ஒரு மூத்த மிஷனரி தம்பதி: தண்ணீர், மின்சாரம், சாவி, ரசீது

கானாவின் தலைநகரான அக்ராவில் மூத்த மிஷனரி தம்பதிகளின் பெரும்பாலான காலைகள் ஜெபத்தோடு தொடங்கும். அடுத்த வேலை, பாலிடேங்க் என்ற கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது. அதற்கடுத்து மின்மீட்டரில் எவ்வளவு பணம் மிச்சம் என்று பார்ப்பது. இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் அன்றைய ஊழியத்தைப் பற்றி யோசிக்கவே முடியும்.

இங்கே சொல்வது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைப் பற்றி. பேச்சுவழக்கில் மார்மன் சபை. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பெயர்ப்பட்டையோடு இரண்டிரண்டு பேராகச் செல்லும் இளைஞர்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குப் பின்னால் ஓய்வுபெற்ற கணவன் மனைவி ஜோடிகளும் இருக்கிறார்கள். இவர்கள் வீடுவீடாகக் கதவு தட்ட வேண்டியதில்லை, இளைஞர்களுக்கு உள்ள கடுமையான நேர அட்டவணையும் இல்லை. அலுவலகக் கணக்கு, வீட்டு வாடகை, வண்டி, மருத்துவ ஆலோசனை, கிணறு தோண்டும் திட்டம், உள்ளூர்ச் சபைத் தலைவர்களுக்குப் பயிற்சி, கோயில் பணி என்று ஏதாவதொன்றைக் கொடுப்பார்கள். எந்தப் பெயரில் அழைப்பு, அதாவது பணி நியமனம், வந்தாலும் வேலையில் பாதிக்கு மேல் பராமரிப்புதான் என்பது என் கணிப்பு.

கானாவில் இந்தச் சபையின் கதை தொடங்கியதே மூத்த தம்பதிகளால்தான். கறுப்பின ஆண்களுக்கும் ஆசாரியத்துவம் (சபைச் சடங்குகளை நடத்தும் தகுதி) உண்டு என்று 1978 ஜூனில் சபை அறிவித்தது. அந்த ஆண்டின் இறுதியில் ரெண்டெல் மேபி, ரேச்சல் மேபி, எட்வின் கேனன், ஜேனத் கேனன் என இரண்டு தம்பதிகள் நைஜீரியாவுக்கும் கானாவுக்கும் வந்தார்கள். கானாவின் கடலோர நகரமான கேப் கோஸ்ட்டில் ஜோசப் வில்லியம் பில்லி ஜான்சன் 1964 முதலே, சபையின் முறையான அங்கீகாரம் எதுவுமின்றி, கூட்டங்கள் நடத்திக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்கு ஆள் தேடும் வேலை மிச்சமிருக்கவில்லை; ஞானஸ்நானம் கொடுப்பதும் பதிவேடு எழுதுவதுமே முதல் வேலையானது. 1989 ஜூனில் அரசு சபையின் செயல்பாடுகளை நிறுத்திவைத்து வெளிநாட்டு மிஷனரிகளை வெளியேற்றியது. 1990 நவம்பரில் தடை நீங்கியது. அக்ரா கோயில் 2004 ஜனவரியில் அர்ப்பணிக்கப்பட்டது. ரிங் ரோட்டுக்கு அருகே உள்ள அந்த வளாகத்தைச் சுற்றித்தான் மூத்த தம்பதிகள் பலரின் நாட்கள் ஓடுகின்றன.

பணம் யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. அவர்களே கொடுக்கிறார்கள். ஊழியக் காலம் 6, 12, 18 அல்லது 23 மாதம். வெளிநாட்டில் 18 மாதத்துக்குக் குறைவாக இருக்க விரும்பினால் பயணச் செலவும் தங்களுடையது என்பது 2011இல் வந்த விதி. தம்பதி தரவேண்டிய வீட்டுச் செலவுக்கு மாதம் 1,400 டாலர் என்ற உச்சவரம்பும் அதே ஆண்டில் வந்ததுதான். இந்த வரம்பு வருவதற்குமுன் வாடகை அதிகமான ஊர்களுக்குப் போக வசதியுள்ளவர்களால் மட்டுமே முடிந்தது. இன்னொரு விஷயம் பலருக்குத் தாமதமாகத்தான் உறைக்கிறது. அமெரிக்க முதியோருக்கான மெடிகேர் காப்பீடு நாட்டுக்கு வெளியே ஏறக்குறைய எதற்கும் செல்லாது. வெளிநாட்டு மருத்துவத்துக்குத் தனிக் காப்பீடு தேவை. அக்ராவின் தனியார் மருத்துவமனைகள் பல முன்பணம் கேட்கும் என்பதால், காப்பீட்டு அட்டையோடு கடன் அட்டையும் பையில் இருக்க வேண்டும்.

கிளம்பும் முன் ஊசி. கானாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். போட்டு 10 நாள் கழித்தே சான்று செல்லுபடியாகும்; 2016 ஜூலையிலிருந்து அது வாழ்நாள் முழுவதும் செல்லும். ஆனால் 60 வயதுக்கு மேல் முதன்முறையாகப் போடுபவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவுக்கான வாய்ப்பு இளையவர்களைவிடக் கூடுதல். ஆகவே டிக்கெட் வந்தபிறகு ஓடிப்போய்ப் போட்டுக்கொள்வது சரியல்ல. அழைப்புக் கடிதம் வந்த வாரமே மருத்துவரிடம் பேச வேண்டும்.

மலேரியா மாத்திரையில் மூன்று வழிகள் உண்டு, வயதானவர்களுக்கு மூன்றிலும் ஒவ்வொரு சிக்கல். அட்டோவகோன்-புரோகுவானில் தினமும் ஒன்று, கொழுப்புள்ள உணவோடு. சிறுநீரகம் வெகுவாகக் கெட்டிருந்தால் கூடாது. டாக்சிசைக்ளின் மலிவு, ஆனால் வெயில் பட்டால் தோல் கொப்பளிக்கும், மாத்திரை போட்டதும் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும். மெஃப்லோகுவின் வாரம் ஒன்றுதான். மனச்சோர்வு, வலிப்பு வரலாறு உள்ளவர்களுக்கு அதைத் தரமாட்டார்கள். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எடுப்பவர்கள் எதைத் தேர்ந்தாலும் ரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டும். வந்து மூன்று மாதம் ஆகியும் காய்ச்சலே வரவில்லையே என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள் சிலர். காய்ச்சல் வராததற்குக் காரணமே அந்த மாத்திரைதான்.

சூட்கேஸில் எதை வைக்கக் கூடாது என்பதற்கும் வருகிறேன். கானாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், மூன்று சதுர முள் கொண்ட பிரிட்டிஷ் பிளக். அமெரிக்காவிலிருந்து வருபவர்கள் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் சாமான்களைக் கொண்டுவந்து டிரான்ஸ்ஃபார்மர் வாங்குகிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. அந்த ஹெர்ட்ஸை நம்பி ஓடும் பழைய மேசைக் கடிகாரம் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும், மின்விசிறி மோட்டார் சூடேறும். போன், மடிக்கணினி சார்ஜர்களுக்குக் கவலை இல்லை; முள் மாற்றி போதும். தூக்கத்தில் மூச்சுத் தடைக்கு இயந்திரம் வைத்துக்கொள்பவர்கள் இந்த வயதில் நிறைய. பெரும்பாலும் அது 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், ஆனால் மின்வெட்டு தாங்காது. தனி பேட்டரி வேண்டும். பேட்டரியில் ஓடும்போது ஈரப்பதம் தரும் சூடேற்றியை அணைத்துவிட்டால் இரவு முழுவதும் வரும், அணைக்காவிட்டால் நடுச்சாமத்தில் நின்றுவிடும்.

மின்வெட்டுக்கு அங்கே தும்சோர் என்று பெயர். சில ஆண்டுகள் மோசம், சில ஆண்டுகள் பரவாயில்லை. வெட்டைவிட மின்சாரம் திரும்பி வரும் நொடிதான் ஆபத்து. வோல்ட் ஏறி இறங்கும். ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் அதில்தான் போகும். ஃபிரிட்ஜ் கார்டு என்றொரு சின்னப் பெட்டி எந்த மின்கடையிலும் கிடைக்கும். மின்சாரம் வந்தபின் சில நிமிடம் காத்திருந்தே ஃபிரிட்ஜுக்கு விடும். இன்சுலின் வைத்திருப்பவர்கள் இதை முதல் நாளே வாங்கிவிட வேண்டும். திறந்த இன்சுலின் 30 டிகிரிக்குக் கீழ் சுமார் நான்கு வாரம் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. ஏர்கண்டிஷனர் இல்லாத அக்ரா அறை மார்ச் மாதத்தில் அந்த 30ஐச் சுலபமாகத் தாண்டும்.

மின்சாரம் முன்பணம். பணம் தீர்ந்தால் விளக்கு அணையும், முன்னறிவிப்பு கிடையாது. பழைய மீட்டர்களுக்கு ஓர் அட்டை உண்டு. விற்பனைக் கடையில் அதில் பணம் ஏற்றி வந்து மீட்டரில் செருக வேண்டும். புதியவற்றுக்குப் போனிலேயே கட்டலாம். சர்வர் படுத்துக்கொள்வதும் கடை பூட்டியிருப்பதும் வாரக் கடைசியிலேதான் நடக்கும் என்பதால், வியாழக்கிழமையே ஏற்றிவைப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

தண்ணீர் விஷயம் இன்னும் நீளம். குழாய்த் தண்ணீர் சில பகுதிகளுக்கு வாரத்தில் சில நாட்களே வரும். அது தரைத்தொட்டிக்கு வந்து, பம்பு வழியாக மேல்தொட்டிக்கு ஏறும். தரைத்தொட்டி காலியாக இருக்கும்போது பம்பு ஓடினால் சீல் கருகிவிடும், பம்பு போச்சு. மிதவை சுவிட்ச் ஒன்றைப் போட்டால் தீரும் பிரச்சினை. வீட்டுக்காரர் போடமாட்டார், நீங்கள்தான் கேட்டுப் போடவைக்க வேண்டும். தொட்டித் தண்ணீரும் தீர்ந்தால் டேங்கர் லாரி. டேங்கர் தண்ணீர் எங்கே பிடித்தது என்று யாருக்கும் தெரியாது, ஆகவே குளிக்க மட்டும்.

குடிக்க இரண்டு வழி. ஒன்று, 500 மில்லி சாஷே பாக்கெட். 30 பாக்கெட் கொண்ட மூட்டையாக வாங்கலாம், மொத்தம் 15 லிட்டர். வெயிலில் அடுக்கி வைத்திருக்கும் கடையில் வாங்க வேண்டாம். மற்றொன்று, பீங்கான் மெழுகுவர்த்தி (கேண்டில்) வடிகட்டி. பாக்டீரியாவையும் அமீபா வகையறாவையும் அது நிறுத்தும், வைரஸை நிறுத்தாது. ஆகவே வடிகட்டும் முன் கொதிக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் வடிகட்டிய பின் வாசனை சேர்க்காத 5, 6 சதவீத ப்ளீச்சை லிட்டருக்கு இரண்டு சொட்டு விட்டு அரைமணி நேரம் வைக்க வேண்டும். மெழுகுவர்த்தியை மென்மையான பிரஷ்ஷால் ஓடும் தண்ணீரில் மட்டும் தேய்க்க வேண்டும். சோப்பு போட்டால் நுண்துளைகளில் புகுந்து அடைத்துக்கொள்ளும். வடிகட்டி மெதுவாக ஓடினால் அழுக்கு, கழுவினால் சரியாகும். திடீரென்று வேகமாக ஓடினால்தான் பயப்பட வேண்டும். மெழுகுவர்த்தியில் விரிசல் விட்டிருக்கும், அல்லது அடியில் உள்ள வாஷர் தளர்ந்து அழுக்குத் தண்ணீர் பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருக்கும். இளம் மிஷனரிகளோ வடிகட்டி நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுவார்கள்.

இளைஞர்களின் வீடுகளைத் தேடிப் பிடிப்பதும் சோதிப்பதும் பெரும்பாலும் மூத்த தம்பதியின் பொறுப்பு. 1963ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஆறு மாதத்துக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. நடைமுறையில் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று கேட்பார்கள். முன்பணம் கொடுத்தபின் வீட்டுக்காரருக்கு எதையும் பழுதுபார்க்க அவசரம் இருக்காது. ஆகவே கொசுவலைச் சட்டம், தனி மின்மீட்டர், மிதவை சுவிட்ச், கழிவறை ஃப்ளஷ் எல்லாவற்றையும் பணம் கைமாறும் முன்பே எழுத்தில் வாங்க வேண்டும். வீட்டை ஜனவரியில் பார்த்துப் பிடித்துவிட்டு ஜூனில் அழுகிறவர்கள் உண்டு. அக்ராவில் பெருமழை மே, ஜூனில். சாக்கடை ஓரச் சுவரில் பழைய தண்ணீர்க் கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள், அதுவே பதில் சொல்லும்.

சோதனைக்குப் போனால் முதலில் பார்க்க வேண்டியது சமையலறைச் சுத்தம் இல்லை. ஜன்னல் கம்பி. திருடனுக்காக எல்லா ஜன்னலிலும் இரும்புக் கம்பி போட்டிருப்பார்கள். தீப்பிடித்தால் வாசல் ஒன்றுதான் வழி, அதுவும் உள்பக்கம் பூட்டியிருக்கும். படுக்கையறையில் ஒரு கம்பியாவது திறக்கும்படி இருக்க வேண்டும். அதன் சாவி ஜன்னலுக்கு வெளியிலிருந்து கை எட்டாத, இருட்டில் தடவினால் அகப்படும் ஆணியில் தொங்க வேண்டும். யாரோ ஒருவருடைய கால்சட்டைப் பையில் சாவி இருந்தால் அது இல்லாததற்குச் சமம். அடுத்து எரிவாயு சிலிண்டர். வீட்டுக்கு வெளியே, நிழலில், நிமிர்ந்து நிற்க வேண்டும். ரப்பர் குழாயில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது கார்பன் மோனாக்சைடு கருவி. ஜெனரேட்டரைத் திருட்டுப் பயத்தில் வராந்தாவுக்குள் இழுத்துவைத்து ஓட்டுவார்கள், அது ஆளைக் கொல்லும். நான்காவது கொசுவலை. கட்டில் கால்பக்கம் கிழிந்திருக்கும். ஏர்கண்டிஷனர் போட்டால் கொசு வராது என்பது அவர்களுடைய நம்பிக்கை; மின்சாரம் போகும்வரைதான் அது. கையோடு ஊசிநூல் கொண்டுபோனால் அங்கேயே தைத்துவிடலாம். கூடவே ஒரு கேக்கும் கொண்டுபோனால் அடுத்த முறை கதவு சீக்கிரம் திறக்கும்.

துணி விஷயத்தில் ஒரு பூச்சிக்குப் பயப்பட வேண்டும். டும்பு ஈ என்பார்கள். ஈரத்துணியில் முட்டையிடும். அதை உடுத்தினால் புழு தோலுக்குள் புகுந்து கட்டிபோல வீங்கும். வீட்டுக்குள் காயவைப்பது நல்லது. வெளியே காயவைத்தால் இருபுறமும், தையல் ஓரங்களிலும், உள்ளாடை, துண்டு, தலையணை உறை உட்பட, சூடாக இஸ்திரி போட வேண்டும். அமெரிக்க ஆண்களில் பலர் வாழ்க்கையில் முதன்முறையாக உள்ளாடைக்கு இஸ்திரி போடக் கற்றுக்கொள்வது இங்கேதான்.

வண்டி வலதுபக்கம் ஓடும். 1974 ஆகஸ்ட் வரை கானாவிலும் நம் ஊர்போல் இடதுபக்கம்தான். காவல் தடுப்புகளில் பார்ப்பது கண்ணாடியில் ஒட்டிய தகுதிச் சான்று, காப்பீட்டு ஸ்டிக்கர், தீயணைப்பான், எச்சரிக்கை முக்கோணம். தீயணைப்பானின் காலாவதித் தேதியையும் பார்ப்பார்கள். கேப் கோஸ்ட் 145 கிலோமீட்டர்தான், ஆனால் வழியில் உள்ள கசோவா ஊரின் நெரிசலைத் தாண்டுவதற்குள் அரைநாள் போய்விடலாம். நகருக்கு வெளியே இருட்டியபின் ஓட்ட வேண்டாம். விளக்கில்லாத லாரி நடுரோட்டில் நிற்கும், அடையாளமாக இரண்டு மரக்கிளைதான் கிடக்கும்.

கடைக்காரரிடம் ரசீது வாங்குவது தனிக் கலை. அலுவலகத் தம்பதிக்கு ஒவ்வொரு செடிக்கும் (கானாவின் நாணயம்) தாள் வேண்டும், சந்தையில் தாள் கிடையாது. கையோடு ரசீதுப் புத்தகம் வைத்துக்கொண்டு, தேதி, பொருள், தொகை எழுதி, விற்றவரிடம் கையெழுத்தும் போன் எண்ணும் வாங்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சிட்ட ரசீது அந்த வெயிலில் சில வாரங்களில் வெளுத்துவிடும், அன்றே படம் எடுத்து வைத்துவிடுவது உத்தமம். பணம் பெரும்பாலும் மொபைல் மணி வழியே போகிறது. தவறான எண்ணுக்கு அனுப்பினால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. திரையில் வரும் பெயரை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தபிறகே ரகசிய எண்ணை அழுத்த வேண்டும்.

சாப்பாட்டில் தமிழருக்கு அந்நியம் குறைவு. மரவள்ளி, வாழைக்காய், வெண்டைக்காய், சேம்பு இலை, வேர்க்கடலைக் குழம்பு. அரிசியும் காராமணியும் சேர்த்து வேகவைக்கும் வாச்சே காலை உணவுக்கு நல்லது. தானியத்தை ஒலோங்கா என்ற தகரப் படியால் அளப்பார்கள். படியின் அடி உள்ளே தட்டியிருக்கிறதா என்று கையைவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். காபி, தேநீர் சபை விதிப்படி இல்லை. மைலோ உண்டு.

மனிதநேயத் திட்டத்துக்கு வரும் தம்பதிகளுக்கு வேறுவகைப் படிப்பு தேவைப்படுகிறது, முக்கியமாக அடிபம்பு. கானா ஏற்றுக்கொண்ட தர அடிபம்புகளில் ஒன்று இந்தியா மார்க் 2வின் திருத்திய வடிவம். மூல வடிவம் 1970களில் யுனிசெஃப் முயற்சியில், சென்னையின் ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் ஆலையோடு சேர்ந்து உருவாகி, கோவை வட்டாரத்தில் சோதிக்கப்பட்டது. நம் ஊர்த் தெருமுனையில் நின்ற அதே பம்பு. திருத்தம் ஏன் தேவைப்பட்டது? கானாவின் நிலத்தடி நீர் பல இடங்களில் அமிலத்தன்மை கொண்டது. பி.எச். 6.5க்குக் கீழே போனால் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் அரிக்கும், தண்ணீர் சிவக்கும், துணி கறைபடும், பெண்கள் பழைய ஓடைக்கே திரும்பிவிடுவார்கள். பம்பு கெடவில்லை, ஆனால் யாரும் அடிப்பதில்லை. ஆகவே உள்குழாய் துருப்பிடிக்காத எஃகில் வேண்டும். ஒப்பந்தக்காரர் விலையைக் குறைத்துச் சொன்னால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இந்தக் குழாய் எது என்பதே.

அரசின் சமூகக் குடிநீர் முகமை வைத்திருக்கும் அளவு, ஓர் ஆழ்துளைக் கிணற்றுக்கு 300 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர், நடை 500 மீட்டருக்குள். கூட்டினால் 6,000 லிட்டர். நிமிடத்துக்கு 12, 13 லிட்டர் தரும் பம்பை ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஓயாமல் அடித்தால்தான் அவ்வளவு வரும். 600 பேர் கிராமத்துக்கு ஒரு பம்பு போட்டுப் பெயர்ப்பலகை திறந்தால், ஒரு வருடத்துக்குள் உள்ளே உள்ள வாஷர் தேய்ந்து பத்துப் பதினைந்து முறை அடித்தபின்தான் தண்ணீர் வரும். வாஷர் மலிவு, அதை மாற்றத் தெரிந்தவரும் கருவியும் இல்லாததால்தான் பம்பு நிற்கிறது. குடத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் கிராமக் குழு, அதில் பணம் வைத்திருக்கும் ஒரு பெண், பயிற்சி பெற்ற பழுதுபார்ப்பவர் ஒருவர், உதிரி பாகம் கிடைக்கும் கடையின் பெயர். இவை இல்லாமல் துளை போடவே கூடாது. நீர்ப் பரிசோதனையும் அப்படியே. வடக்கே போங்கோ வட்டாரத்தில் ஃபுளோரைடு அதிகம், குழந்தைகளின் பல் பழுப்பேறும். ஒபுவாசி போன்ற தங்கச் சுரங்கப் பகுதிகளில் ஆர்செனிக். தெளிவாக இருக்கிறதே என்று தண்ணீரை நம்ப முடியாது.

ஞாயிறு இரண்டு மணி நேர ஆராதனை. மேடையில் இருப்பவர்களை வணங்கும்போது வலமிருந்து இடமாகக் கைகுலுக்க வேண்டும். இடக்கை கொடுக்கக் கூடாது என்பதை நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அமெரிக்கர்களுக்குத்தான் ஆறு மாதம் ஆகிறது. சனிக்கிழமைகளை முடிந்தவரை காலியாக வைத்திருங்கள், இழவு வீடுகளுக்குப் பெரும்பாலும் அன்றுதான் போக வேண்டிவரும். கறுப்பு அல்லது கறுப்பும் சிவப்பும் உடுத்தி, ஒரு தொகை கொடுத்து, பெயரை நோட்டில் எழுதச் சொல்ல வேண்டும். வராதவர்களை நினைவில் வைத்திருப்பார்கள்.

அக்ரா ஆண்டு முழுவதும் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, சபையின் தலைமையகம் உள்ள அமெரிக்க மாநிலமான யூட்டாவில் முற்பகல் 11, கோடையில் நண்பகல். பேரப்பிள்ளைகளோடு பேச அதுவே சரியான நேரம். இந்த அழைப்பு தவறாமல் நடந்தால் மனைவியின் முகம் வாரம் முழுவதும் தெளிவாக இருக்கும் என்று பல கணவர்கள் சொல்வார்கள். கணவரின் முகத்தைப் பற்றி மனைவிமார் சொல்வதும் அதேதான். நாற்பது வருடம் ஒருவர் வேலைக்குப் போக ஒருவர் வீட்டைப் பார்த்த ஜோடி, இங்கே இருபத்துநான்கு மணி நேரமும் ஒரே வண்டியில், ஒரே மேசையில். தினம் ஒரு மணி நேரம் ஆளுக்கொரு அறையில் இருப்பது என்று முதல் வாரமே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

கிளம்பும்போது அடுத்த தம்பதிக்குக் கொடுக்கவேண்டிய கோப்பில் இருக்க வேண்டியவை: எல்லா வீட்டு மீட்டர் எண்கள், வாடகை முடியும் தேதிகள், எந்த வீட்டுக்காரர் போனை எடுப்பார் எந்த வீட்டுக்காரர் எடுக்கமாட்டார், நம்பகமான பிளம்பர், சாவிகளுக்குப் பெயர் எழுதிய அட்டை, வண்டிக் காப்பீட்டுத் தேதி. ஊர் திரும்பியபின் அட்டோவகோன்-புரோகுவானில் என்றால் மேலும் 7 நாள், மற்ற இரண்டும் என்றால் 4 வாரம் மாத்திரையைத் தொடர வேண்டும். அடுத்த ஒரு வருடத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், அது சாதாரணச் சளிக்காய்ச்சல் போலத் தெரிந்தாலும், மருத்துவரிடம் முதல் வாக்கியமாகக் கானாவில் இருந்தோம் என்று சொல்லி, அன்றே மலேரியா ரத்தப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள். யூட்டா மருத்துவருக்குத் தானாக அந்த நினைப்பு வராது.